மார்சீலியோவும் பாதுவா நகரசபையும்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: ஐயா, இடைக்காலத்தின் பிற்பகுதி அரசியல் சிந்தனையாளர்கள் அரிஸ்டாட்டிலைத் திருப்பிச் சொன்னவர்கள்தானே? கண்ணெதிரே நடந்ததைக் கவனித்தார்களா?

பதில்: நன்றாகவே கவனித்தார்கள். இத்தாலியின் பாதுவா நகரத்து மார்சீலியோ 1324-இல் பாரிஸில் 'அமைதியின் காவலன்' நூலை முடித்தார். சட்டம் இயற்றுவது குடிமக்கள் எல்லோரும், அல்லது அவர்களில் எண்ணிக்கையாலும் தகுதியாலும் கனமான பகுதியினர். ஆள்பவர் சட்டத்தை மீறினால் அவரைத் தண்டிக்கலாம் என்றார். மேற்கோள் அரிஸ்டாட்டிலுடையதுதான். ஆனால் அவருடைய ஊர் வழக்கத்தைப் பாருங்கள். 'பொடெஸ்தா' என்ற நிர்வாகியை வெளியூரிலிருந்து குறுகிய காலத்துக்கு அழைத்து வருவார்கள். உள்ளூர்க் குடும்பப் பகைகளில் சாயக் கூடாது என்பதற்காகவே வெளியூர்க்காரர். நகரத்தின் சட்டங்களைக் காப்பதாக அவர் சத்தியம் செய்ய வேண்டும். பதவி முடிந்தாலும் உடனே மூட்டை கட்ட முடியாது. விசாரணைக்கு நின்று, புகார்களுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பலாம். அதிகாரிகளிடம் கணக்குக் கேட்பது பற்றி அரிஸ்டாட்டிலும் பேசுகிறார். மார்சீலியோவுக்கோ அது சொந்த ஊர் வழக்கம். அந்த நூலை நான் ரசிப்பதே இதனால்தான்.

கேள்வி: 'குடிமக்கள் எல்லோரும்' என்றால் பெண்களுமா?

பதில்: இல்லை அம்மா. பெண்கள், சிறுவர், அடிமைகள், அந்நியர் யாரும் அதில் இல்லை. நகரசபையின் வாசலும் அவர்களுக்குச் சாத்தியே இருந்தது.

கேள்வி: மக்கள் உரிமை பேசியவர் பேரரசரிடம் போய்ச் சேர்ந்தது முரண் இல்லையா சார்?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தாலியின் சண்டைகளுக்கு வேர், போப் அரசியல் அதிகாரமும் தமக்கே என்றதுதான் என்று அவர் நம்பினார். 1326-இல், போப்போடு மோதிக்கொண்டிருந்த ஜெர்மானிய அரசர் பவேரியாவின் லுட்விக்கிடம் தஞ்சம் புகுந்தார். 1328 ஜனவரியில் போப் இல்லாமலே, ரோம் மக்கள் பெயரில் லுட்விக்குக்குப் பேரரசராக முடிசூட்டினார்கள். அந்த ஆகஸ்டிலேயே லுட்விக் ரோமை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. நடைமுறையிலிருந்து பிறந்த கருத்து, நடைமுறையில் எட்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

கேள்வி: நடப்பைப் பார்த்து எழுதியவர்கள் வேறு யாராவது?

பதில்: அதே நூற்றாண்டில், இத்தாலியின் பெருஜியாவில் சட்டம் கற்பித்த பார்த்தோலுஸ். ஏட்டிலிருந்த ரோமானியச் சட்டப்படி பேரரசரே எல்லோருக்கும் தலைவர். நடப்பிலோ நகரங்கள் அவரைக் கேட்காமலே சட்டம் போட்டன. மேலே ஒருவரை ஏற்காத நகரம் தனக்குத் தானே அரசன் என்று எழுதி, நடப்புக்குச் சட்ட வடிவம் கொடுத்தார் அவர்.

கேள்வி: திருச்சபைக்குள்?

பதில்: ஒரே நேரத்தில் மூன்று போப்புகள் இருந்தபோது கான்ஸ்டன்ஸ் நகரில் திருச்சபையின் பொதுச்சங்கம் கூடியது. போப்பும் சங்கத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று 1415 ஏப்ரலில் அறிவித்தது. தலைவர் தவறினால் உறுப்பினர் கூடி முடிவெடுக்கலாம் என்ற எண்ணம், பேராலயக் குருமார் குழுக்களின் அன்றாட நிர்வாகத்தைப் பற்றித் திருச்சபைச் சட்ட அறிஞர்கள் முன்பே எழுதிவைத்ததுதான். 1417-இல் புதிய போப்பைத் தேர்ந்தெடுக்க 23 கர்தினால்களோடு, சங்கத்தில் இருந்த நாட்டுவாரிப் பிரிவுகளின் பிரதிநிதிகள் 30 பேரும் வாக்களித்தார்கள்.