கிக்ஸ்டார்ட்டரில் (புதுப் பொருள் தயாரிக்கப் பலரிடம் முன்பணம் திரட்டும் இணையதளம்) பணம் போட்ட சீட்டாட்டம் வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஆடப்போகிறோம். அதற்குமுன் என்ன செய்ய வேண்டும்?

பெட்டியை ஞாயிறுவரை மூடி வைக்காதீர்கள். இன்றே பிரித்து எண்ணுங்கள். "எல்லார் முன்னாலும் பிரிப்பதில்தானே சந்தோஷம்" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். பிரிக்கட்டும், ஆனால் சீட்டு குறைந்தால் அன்றைக்கு எங்கே போய்த் தேடுவது?

2015-ல் அதே தளத்தில் 2,19,382 பேர் பணம் போட்ட எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ் என்ற சீட்டாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மூலக் கட்டில் 56 சீட்டு. எடுத்தவரை ஆட்டத்தை விட்டே வெளியேற்றும் வெடிக்கும் பூனை 4, அதைச் செயலிழக்க வைக்கும் டிஃப்யூஸ் 6. ஐந்து பேர் ஆடினால் ஆளுக்கொரு டிஃப்யூஸ் போக, கட்டுக்குள் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. அது பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போயிருந்தால், ஆட்டத்தின் பாதி விறுவிறுப்பு போச்சு.

முதல் ஆட்டம் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: மொத்தக் கட்டையும் கலைத்துவிட்டுச் சீட்டுப் போடுவது. பூனை யார் கைக்காவது போய்விடும். முதலில் பூனைகளையும் டிஃப்யூஸ்களையும் தனியே எடுத்து வையுங்கள். மீதியைக் கலைத்துப் போட்டு, ஆளுக்கொரு டிஃப்யூஸ் கொடுங்கள். ஆடுபவர்களைவிட ஒன்று குறைவாகப் பூனைகளையும், மிச்ச டிஃப்யூஸ்களையும் பிறகுதான் கட்டில் சேர்த்துக் கலைக்க வேண்டும். இரண்டே பேர் என்றால் டிஃப்யூஸ் இரண்டு மட்டும் சேர்த்தால் போதும்.

புதுக் கட்டில் ஒரே வகைச் சீட்டுகள் அடுத்தடுத்து இருக்கும். நாலு தடவை கலைத்தால் பிரியாது. பாயில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் நன்றாகத் துழாவி அள்ளுங்கள். ஓரமும் மடங்காது.

ஒவ்வொரு சீட்டுக்கும் மாட்டும் பாதுகாப்பு உறை வாங்குவதாக இருந்தால் ஒரு சீட்டை ஸ்கேலால் அளந்துவிட்டு வாங்குங்கள். போக்கர் அளவு ஏறக்குறைய 63×88 மில்லிமீட்டர், பிரிட்ஜ் அளவு அதைவிட ஒடுக்கம். உறை போட்டால் கட்டு தடித்துப் பழைய பெட்டிக்குள் போகாமலும் போகலாம். உறை கட்டாயம் என்று நான் சொல்லவில்லை. ஈரக்காற்றில் சீட்டு வளையும், எண்ணெய்க் கை பட்டால் கறை போகாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, இது யூடியூபில் விதி சொல்லித் தருபவர்களுக்கு. எந்தப் பதிப்பு என்று சொல்லிவிட்டுப் பேசுங்களேன்! இதே ஆட்டத்தின் முதல் பதிப்பில் ஆளுக்கு 4 சீட்டு, பின்னால் வந்ததில் 7. வீடியோவை நம்பி ஏழு ஏழாகப் போட்டால் பழைய விதிப்படி ஆடுகிறவர்களுக்குக் கட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். உங்கள் பெட்டிக்குள் இருக்கும் விதித்தாளைச் சனிக்கிழமையே ஒருமுறை வாய்விட்டுப் படித்து வையுங்கள்.