சொப்ரானோ மகளுக்காக வீட்டை அடமானம் வைக்கலாமா?

உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வயது 18, சொப்ரானோ குரல், அதாவது மேற்கத்திய இசையில் பெண் குரல்களிலேயே மிக உயர்ந்த வகை. பாட்டுதான் படிப்பேன் என்கிறாள். படித்தால் பெயர்பெற்ற கன்சர்வேட்டரியில்தான் (இசைக்கென்றே உள்ள கல்லூரி) படிக்க வேண்டும், வீட்டை அடமானம் வைத்தாவது அனுப்புங்கள் என்று மாமா நெருக்குகிறார். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் வீட்டை வைக்காதீர்கள்.

ஓபரா என்னும் மேற்கத்திய இசை நாடகத்துக்கான குரல் மெதுவாகத்தான் முதிரும். கனமான கதாபாத்திரங்களைத் தாங்கப் பலருக்கு முப்பது வயதாவது ஆகிவிடும். 18 வயதில் இது எந்த வகைச் சொப்ரானோ என்று நல்ல ஆசிரியர்கூட அடித்துச் சொல்லமாட்டார். கடன் தவணை அதுவரை காத்திருக்காது. தனியாகத் தொழில் செய்யும் பாடகிக்குப் பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்றுதான் ஊதியம். தொண்டை கட்டினால் அந்தப் பணம் போச்சு. தவணைக்குப் பயந்து, குரலுக்குப் பொருந்தாத பாத்திரத்தையும் ஒப்புக்கொள்ளத் தோன்றும். கெடுவது குரல்தான்.

பள்ளி இசை ஆசிரியர், கோரஸ் வேலையெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வருவது பாடிக்கொண்டே கற்பித்து, ஆராய்ச்சியும் செய்யும் பாதை. இது தோற்றவர்கள் ஒதுங்கும் இடம் என்று உறவினர்கள் சொன்னால் நம்பாதீர்கள். புகழின் உச்சியில் இருந்த ஸ்வீடன் சொப்ரானோ ஜென்னி லிண்ட் 1849-லேயே ஓபரா மேடையை விட்டார்; கச்சேரிகளில் தொடர்ந்து பாடினார். 1883-இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் திறந்தபோது அங்கே பாட்டுப் பேராசிரியர். அவருடைய ஆசிரியர் மானுவேல் கார்சியா, 1854-இல் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, பாடும்போது தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே பார்த்தவர். டாக்டர் அல்ல, பாட்டு வாத்தியார்!

உங்கள் மகள் அனுப்பிய கேள்வியைப் பார்த்தேன்: "மேல் ஸ்தாயியில் 'ஈ' பாடினால் ஏன் 'ஆ' மாதிரி கேட்கிறது?" அருமையான கேள்வி. சொப்ரானோவின் மேல் 'சி' என்னும் சுரம் வினாடிக்குச் சுமார் 1,047 அதிர்வு. 'ஈ'க்கு வாயறையின் முதல் ஒத்ததிர்வு (வாயறை தானே வலுப்படுத்திக் கொடுக்கும் அதிர்வு) சுமார் 300-இல்தான் இருக்கிறது. சுருதி அதைத் தாண்டிவிடுவதால் பாடகி தாடையைத் திறந்து ஒத்ததிர்வை மேலே கொண்டுபோகிறாள். உயிரெழுத்து அடையாளம் இழக்கிறது. இதைக் குரல் ஆய்வுக்கூடத்தில் அளக்கிறார்கள். டாக்டர் ஆஃப் மியூசிக்கல் ஆர்ட்ஸ் என்னும் இசை முனைவர் படிப்புகள் பலவற்றில் ரிசைட்டல்களோடு (தனிக் கச்சேரிகள்), பாடியபடியே விளக்கும் லெக்சர் ரிசைட்டலும் ஆய்வேடும் உண்டு. அவளுக்காகவே செய்ததுபோல இருக்கிறது.

இப்போதைக்கு உங்கள் கைக்காசுக்குள் அடங்கும் பல்கலைக்கழகத்தில் பாட்டு முதன்மைப் பாடம். கூடவே ஒலியியல், பியானோ, இத்தாலியன், ஜெர்மன். பாட்டை விட்டுவிட்டு வேறு படிக்கச் சொல்வதற்கும் நான் உடன்பட மாட்டேன். விண்ணப்பிக்கும் முன் துறையிடம் மூன்றைக் கேளுங்கள்: வாராவாரம் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் யார்? பாட்டு கற்பிக்கும் முறைக்குத் தனிப் பாடம் உண்டா? முனைவர் படிப்பில் கற்பித்தல் பணியும் உதவித்தொகையும் கிடைக்குமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.