வீடியோவைச் சுருக்கும் வேலைக்கு என்ன படிப்பது? களுவாஞ்சிகுடித் தாய் ஒருவருக்குப் பதில்

தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் கோபமும் பயமும் சரிபாதியாக இருந்தன. உயர்தரத்தில் கணிதப் பிரிவு எழுதிய மகள் இப்போது "வீடியோ வேலை"க்குப் போகப் போவதாகச் சொல்கிறாள், கல்யாண வீட்டில் கமரா தூக்கவா இவ்வளவு ரியூஷன் காசு கட்டினோம் என்று கேட்டிருக்கிறீர்கள். கமரா தூக்குவதும் நல்ல தொழில்தான். உங்கள் ஊரிலிருந்து கல்முனை வரைக்கும் அதில் கௌரவமாக உழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மகள் சொல்வது அது இல்லை. கடிதத்தோடு அவள் எழுதி வைத்த தாளையும் இணைத்திருந்தீர்கள், படித்தேன். வீடியோவை எப்படிச் சிறிதாக்கி அனுப்புவது, போய்ச் சேர்ந்த இடத்தில் எப்படி மறுபடி விரித்துக் காட்டுவது என்பதைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அது முழுக்கக் கணக்கு.

உங்கள் வீட்டுக்காரர் கட்டாரிலிருந்து இரவில் வீடியோவில் பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அழைப்பு எப்படிச் சாத்தியமாகிறது என்று பார்த்தால் மகளின் ஆசை புரியும். ஃபுல் எச்டி என்று சொல்கிற ஒரு படத்தில் அகலத்துக்கு 1920, உயரத்துக்கு 1080, ஆக 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட் வேண்டும். செக்கனுக்கு 30 படம். பெருக்கிப் பாருங்கள், ஒரு செக்கனுக்கே ஏறத்தாழ 187 மெகாபைட் வரும். ஒரு நிமிடத்துக்கு 11 ஜிகாபைட். அப்படியே அனுப்பினால் நீங்கள் போடுகிற டேட்டா கார்ட் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். ஆனால் அதே தரத்தில் போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ நூறு மெகாபைட்டுக்குக் கிட்டத்தான் நிற்கிறது. அழைப்பில் போவது இன்னும் எவ்வளவோ குறைவு.

மிச்சம் எங்கே போனது? கொஞ்சம் எறியப்பட்டது, கொஞ்சம் திரும்பச் சொல்லாமல் விடப்பட்டது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டில் அவ்வளவு கெட்டித்தனம் இல்லை. அதனால் நிறத் தகவலை நாலில் ஒன்றாகக் குறைத்துவிடுகிறார்கள், நமக்குத் தெரிவதில்லை. அந்த ஒன்றிலேயே பாதிச் சுமை இறங்கிவிடும். அடுத்தது, பக்கத்துப் பக்கத்துப் படங்களின் ஒற்றுமை. கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் படம் பிடித்தால் வானமும் தண்ணீரும் கைப்பிடியும் அப்படியே இருக்கும், போகிற மோட்டார் சைக்கிள் மட்டும் இடம் மாறும். அப்படியானால் ஒவ்வொரு படத்தையும் முழுதாக அனுப்புவானேன்? முன்பு அனுப்பிய படத்தில் இந்தக் கட்டம் இவ்வளவு வலப்பக்கம் நகர்ந்தது என்று சொன்னால் போதும். அந்த நகர்வைக் கண்டுபிடிப்பதில்தான் சுருக்குகிற கணினியின் பெரும்பங்கு உழைப்பு போகிறது.

அதற்குப் பிறகும் மிஞ்சுவதைக் கையாளும் உத்திதான் இந்தத் துறையின் இதயம். படத்தைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தையும் கோசைன் அலைகளின் கூட்டாக எழுதுகிறார்கள். எழுதினால் முக்கியமான தகவல் ஒருசில எண்களில் திரண்டுவிடும். மற்றவை பூச்சியத்துக்குக் கிட்ட வரும், அவற்றை வெட்டிவிடலாம். டிஸ்கிரீட் கோசைன் டிரான்ஸ்ஃபோர்ம், சுருக்கமாக டி.சி.டி. இதை யோசித்தவர் பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த நசீர் அகமது. 1972இல் இதற்குப் பணம் கேட்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. அவர் விடவில்லை. தன்னிடம் முனைவர் பட்டம் செய்த டி. நடராஜனையும் நண்பர் கே. ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு 1974 ஜனவரியில் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார். இன்று நாம் பார்க்கிற ஜேபெக் படமும் யூடியூப் வீடியோவும் வாட்ஸ்அப் அழைப்பும் அந்தக் கட்டுரையின் வழிவந்தவைதான். உங்கள் மகள் இணைந்த கணிதத்தில் படித்த அதே கோசைன், தங்கச்சி. "இதெல்லாம் வாழ்க்கையில் எங்கே வரப்போகுது" என்று பிள்ளைகள் கேட்பார்களே, இங்கே வருகிறது.

கடைசிப் படி, அடிக்கடி வரும் எண்ணுக்குச் சிறிய குறியீடும் அபூர்வமாக வருவதற்கு நீளமான குறியீடும் கொடுப்பது. இதற்கு ஒரு நல்ல வழியைக் கண்டுபிடித்த டேவிட் ஹஃப்மன் அப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மாணவர். இறுதிப் பரீட்சை எழுதலாம் அல்லது கட்டுரை கொடுக்கலாம் என்று பேராசிரியர் ரொபேர்ட் ஃபானோ சொல்ல, பரீட்சையைத் தவிர்க்கப் போய் எழுதியது. 1952இல் வெளிவந்தது. பரீட்சைக்குப் பயந்த பிள்ளையால் நடந்த நல்ல காரியம் என்று இதைப் பல தாய்மாருக்குச் சொல்லியிருக்கிறேன், யாரும் சிரிப்பதில்லை.

"எல்லாம் எப்போதோ கண்டுபிடித்து முடித்துவிட்டார்களே, இனி இவளுக்கு என்ன வேலை இருக்கு?" என்ற உங்கள் தம்பியின் கேள்வி நியாயமானது. எச்.264 என்ற தரம், அதாவது சுருக்கிய வீடியோவை எல்லாக் கருவிகளும் ஒரேமாதிரி விரிப்பதற்கான பொது விதிமுறை, 2003இல் வந்தது. படத்தின் தெளிவு குறையாமல் அதைவிட ஏறத்தாழப் பாதி அளவுக்குச் சுருக்கும் எச்.265 2013இல் வந்தது. அதையும் ஏறத்தாழப் பாதியாக்கும் நோக்கத்தோடு எச்.266 2020இல் வந்தது. இவற்றின் காப்புரிமைக் கட்டணத் தொல்லை வேண்டாம் என்று கூகுள், நெட்ஃபிளிக்ஸ், அமேசான் போன்றவை 2015இல் கூட்டணி அமைத்து ஏவி1 என்ற ஒன்றை 2018இல் வெளியிட்டன. இப்படி ஓட்டம் நிற்கவில்லை. இதில் வெளியே பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. இந்தத் தரங்கள் விரிக்கிற பக்கத்தை, அதாவது டிகோடரை மட்டும்தான் வரையறுக்கின்றன. சுருக்குகிறவர் எப்படிச் சுருக்கினாலும் சரி, டிகோடருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். அதனால் தரம் பழசானாலும் அதற்குள் இன்னும் கெட்டித்தனமாகச் சுருக்குவதற்கு இடம் இருந்துகொண்டே இருக்கிறது. விரிக்கிற பக்கத்திலும் வேலை உண்டு. மலிவான போனில் பற்றரி இறங்காமல், படம் இழுபடாமல் ஓட வேண்டும். அதற்காக, ஏவி1 வீடியோவை விரிக்கும் டாவ்1டி போன்ற மென்பொருட்களை இயந்திர மொழிக்குக் கிட்டப்போய் வரிவரியாகச் செதுக்குகிறார்கள்.

சரி, என்ன படிப்பது? இங்கே என் கருத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். நீங்கள் விசாரித்ததாக எழுதிய அந்த "வீடியோ தொழில்நுட்ப டிப்ளோமா"வில் பணம் கட்டாதீர்கள். பாடவிதானத்தைப் பார்த்தேன், எடிட்டிங், கலர், கிராஃபிக்ஸ். அவை வேறு தொழிலுக்கு உரியவை. மகள் போக வேண்டிய வாசல் பொறியியல் அல்லது கணினி விஞ்ஞானம். முதல் விருப்பம் மின்னணு, தொலைத்தொடர்புப் பொறியியல். மொரட்டுவையில் அதற்குத் தனித்துறை உண்டு. ஆனால் அங்கு எல்லோரும் பொதுவாகச் சேர்ந்து, முதல் கட்டப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் துறை பிரிப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். பேராதனை, கிளிநொச்சியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இரண்டிலும் மின், கணினி சார்ந்த துறைகள் உண்டு. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் பீடம் இருக்கிறது. பெண் பிள்ளையைத் தூர அனுப்ப மனம் வரவில்லை என்றீர்கள், ஒலுவில் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். ஆனால் தூரத்தை மட்டும் வைத்து மொரட்டுவையை வெட்டிவிடாதீர்கள். இசட் புள்ளி அதற்குப் போதுமானதாக வந்தால், அவளைப் போகவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பொறியியலுக்குப் புள்ளி எட்டாவிட்டால்? உலகம் முடியவில்லை. கொழும்பு, யாழ்ப்பாணம், நம்முடைய கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் ஆகியவற்றில் கணினி விஞ்ஞானப் பட்டம் உண்டு. அதே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் பௌதிக விஞ்ஞானத்தில் கணிதமும் கணினியும் சேர்த்துப் படிக்கலாம். உண்மையில் இந்தத் துறைக்கு நல்ல கணிதப் பட்டதாரி, அரைகுறைப் பொறியியலாளரைவிட மேல். எங்கே சேர்ந்தாலும் நேர்கோட்டு இயற்கணிதம், நிகழ்தகவு, சமிக்ஞை பகுப்பாய்வு, சி என்ற கணினி நிரல் மொழி ஆகிய நாலையும் அவள் விடக்கூடாது. இன்னொன்று, கம்பஸில் விரிவுரை ஆங்கிலத்தில். தமிழ் மொழியில் படித்து நல்ல புள்ளியோடு போன பிள்ளைகள் முதல் வருடத்தில் வாயடைத்துப் போவதைக் கண்டிருக்கிறேன். பெறுபேறு வரும்வரை இருக்கிற மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள். டிப்ளோமாவுக்கு வைத்திருந்த காசு அதற்குப் பயன்படட்டும். மிச்சம் இருந்தால் நடுத்தரமான ஒரு லப்டொப்.

ஆசை உண்மையா, யூடியூப் பார்த்து வந்த மோகமா என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்கும் வழி இருக்கிறது, செலவில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளை இறக்கி, போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவை எச்.264இலும் எச்.265இலும் ஏவி1இலும் சுருக்கிப் பார்க்கட்டும். எது எவ்வளவு இடம் பிடித்தது, எவ்வளவு நேரம் எடுத்தது, எங்கே படம் கட்டம்கட்டமாக உடைகிறது என்று ஒரு கொப்பியில் எழுதட்டும். அப்புறம் பைதன் என்ற நிரல் மொழியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எட்டுக்கு எட்டுச் சதுரங்களாக வெட்டி, டி.சி.டி. செய்து, சின்ன எண்களைப் பூச்சியமாக்கி, திரும்பப் படமாக்கிப் பார்க்கட்டும். முதல் பகுதி எல்லோருக்கும் விளையாட்டாக இருக்கும். இரண்டாவதில் பிழை வந்து, அது ஏன் வந்தது என்று இரவில் சாப்பாட்டை மறந்து யோசித்தால் பிள்ளை இந்தத் துறைக்கு உரியவள். சலித்துப்போய் மூடிவைத்தால் அதுவும் நல்லது, இப்போதே தெரிந்துவிட்டது.

வேலைவாய்ப்பைப் பற்றி இனிப்பாகப் பேச மாட்டேன். மட்டக்களப்பில் இதற்கென்று வேலை கிடையாது. கொழும்பிலும் குறைவு. ஆட்களைத் தேடுகிற இடங்கள் போன் சில்லு செய்யும் நிறுவனங்கள், வீடியோ ஒளிபரப்பும் நிறுவனங்கள், பெர்லினில் இருக்கும் ஃபிரௌன்ஹோஃபர் போன்ற ஆய்வு நிலையங்கள். எச்.265க்கான எக்ஸ்265 என்ற புகழ்பெற்ற மென்பொருளை உருவாக்கிய மல்டிகோர்வேர் சென்னையிலும் இயங்குகிறது, அது நமக்குக் கிட்டத்து உதாரணம். பெரும்பாலும் முதுகலையோ முனைவர் பட்டமோ கேட்பார்கள், ஆகவே உழைப்புத் தொடங்கச் சுணங்கும். உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற கட்டார் நெட்வர்க்கிங் வேலை அதைவிடச் சீக்கிரம் காசு தரும், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கணிதத்தைக் கற்ற பிள்ளை வீடியோவோடு கட்டுண்டு கிடக்க மாட்டாள். தொலைத்தொடர்பு, மருத்துவ ஸ்கான் படங்கள், செய்மதிப் படங்கள், செயற்கை நுண்ணறிவு என்று எல்லா இடத்திலும் அதே ஆயுதம்தான் வேலை செய்கிறது. பிரியமிருந்தால் காப்புரிமைச் சட்டத்தின் பக்கமும் போகலாம். இந்தத் துறையில் ஒவ்வொரு தரத்துக்குப் பின்னாலும் காப்புரிமைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன, தொழில்நுட்பமும் சட்டமும் இரண்டும் தெரிந்தவர்களுக்குத் தட்டுப்பாடு. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி வெறும் கணித முறைக்குக் காப்புரிமை இல்லை. அதனால் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்பதே அங்கே பாதித் திறமை.

பெறுபேறு வந்ததும் இசட் புள்ளியையும் மாவட்ட நிலையையும் எடுத்துக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்ப வரிசை போடும்போது "கிடைக்காது" என்று நினைத்து மேலே இருக்க வேண்டியதைக் கீழே இறக்கிவிடுகிறார்கள், அதைச் செய்ய வேண்டாம். உண்மையான விருப்பம் எதுவோ அது முதலில். தகுதி இருக்கிறவற்றில் வரிசையில் மேலே உள்ளதைத்தான் கொடுப்பார்கள். முதலாவதாகப் போட்டது கிடைக்காவிட்டால் இரண்டாவதுக்கான வாய்ப்பு அதனால் குறையாது. படிவத்தை இணையத்தில் அனுப்புவதற்கு முன் ஒருதரம் என்னிடம் காட்டுங்கள்.