சம்பளமில்லாத வேலைக்கு ஆள் சேர்ப்பது: மோட் டீம் கேள்வி பதில்

யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் கம்ப்யூட்டர் ஆட்டத்துக்குள் குமரி மாவட்டச் சாலைகளைக் கொண்டுவரும் மோட் (ஆட்டத்தின்மேல் ரசிகர்கள் செய்து சேர்க்கும் கூடுதல் பகுதி) ஒன்றை நண்பர்களோடு செய்து வருகிறேன். ஆட்டம் காசு கொடுத்து வாங்குவது. அதன்மேல் நாங்கள் சேர்க்கும் ஊரும் சாலையும் இலவசம், செய்கிற யாருக்கும் சம்பளம் கிடையாது. 'இதற்கு ஆள் எப்படிக் கிடைக்கிறது?' என்று பல பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

நாகர்கோவில், கல்லூரி மாணவர்: அண்ணே, நம்ம ஊரை வச்சு ஒரு பெரிய மோட் பண்ணலாம்னு 'மோடர்கள் தேவை'ன்னு போஸ்டர் போட்டேன். வாட்ஸ்அப் குரூப்பில் நிறைய பேர் சேர்ந்தாங்க. 'செம ஐடியா மக்கா'ன்னு சொன்னதோட சரி, ஒருத்தரும் ஒரு ஃபைல்கூட அனுப்பல. எங்கே தப்பு?

போஸ்டரில்தான் தம்பி. 'மோடர்கள் தேவை' என்றால் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று படிப்பவருக்குத் தெரியாது. பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் மாடல் செய்பவரையா, கோடிங் எழுதுபவரையா, சத்தம் பதிவு செய்பவரையா? எல்லாரையும் கூப்பிட்டால் வேடிக்கை பார்ப்பவர்தான் முதலில் வருவார்.

அதைவிடப் பெரிய சிக்கல், காட்ட உங்களிடம் எதுவும் இல்லாதது. ஐடியா எல்லாரிடமும் இருக்கிறது. அடுத்தவன் ஐடியாவுக்காக யாரும் ராத்திரி கண்விழிக்க மாட்டார்கள். ஓடுகிற ஒரு துண்டைக் காட்டினால் வருவார்கள்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி சுமார் 20 கி.மீ. இந்த ஆட்டத்தின் மேப் 1:19 அளவில் சுருக்கியது. அப்படியென்றால் மொத்தச் சாலையும் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்குள் எல்லா ஊரையும் திணிக்க முடியாது. அதனால் சுசீந்திரத்தை மட்டும் எடுத்தோம். பழையாற்றுப் பாலம், அது தாண்டியதும் தெப்பக்குளம், பின்னால் கோபுரம், இரண்டு டீக்கடை. அவ்வளவுதான். அதில் ஒரு லாரி போகிற அரை நிமிட வீடியோவை வெளியே விட்ட பிறகுதான் வேலை தெரிந்தவர்கள் தாங்களாகவே பேச ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் குறை சொல்லத்தான் வந்தார்: 'தெப்பக்குளத்துப் படிக்கட்டு இப்படியா இருக்கும்?' 'சரி, நீங்களே செய்து தாருங்கள்' என்றோம். இன்றுவரை கூட இருக்கிறார். குறை சொல்கிறவரை விட்டுவிடாதீர்கள், அவர் உற்றுப் பார்த்திருக்கிறார்.

இனி போஸ்டரை இப்படி எழுதிப் பாருங்கள்: 'சுசீந்திரம் முதல் கொட்டாரம் வரை சாலை தயார், வீடியோ கீழே. சாலையோரக் கடை மாடல் ஆறு வேண்டும். பிளெண்டர் தெரிந்த ஒருவர் போதும். வாரம் நாலு மணி நேரம், ஒரு மாதம். பணம் கிடையாது, மோடில் பெயர் வரும்.' வேலை என்ன, எவ்வளவு, எப்போது முடியும், என்ன கிடைக்காது என்பது எல்லாம் இதில் வந்துவிட்டது. முடிகிற தேதி இல்லாத வேலைக்குச் சும்மா வந்து யாரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

மார்த்தாண்டம்: எந்த ஆட்டத்துக்கு மோட் செய்தால் ஆள் சுலபமாகக் கிடைப்பார்கள்?

ஆட்டக் கம்பெனியே கருவியைக் கையில் கொடுத்திருக்கிற ஆட்டம். ஸ்கைரிம் 2011-இல் வந்தது. அடுத்த ஆண்டே கிரியேஷன் கிட் என்ற எடிட்டரை, ஆட்டத்தைச் செய்த பெதஸ்டா கம்பெனி இலவசமாக விட்டது. அந்த ஆட்டத்துக்கு இன்னும் புதிது புதிதாக மோட் வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நாங்கள் வேலை செய்யும் ஆட்டத்திலும் மேப் எடிட்டர் உள்ளேயே இருக்கிறது. புதிதாக வருபவர் அன்று மாலையே ஒரு சாலை போட்டுப் பார்க்கலாம்.

ஜிடிஏ 5-க்கு ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஆட்டத்து மோடர்கள் நம்பியிருந்த ஓப்பன்-ஐவி என்ற கருவிக்கு 2017 ஜூனில் ஆட்டத்தின் உரிமையாளரான டேக்-டூ கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பி நிறுத்த வைத்தது. ஆட்டக்காரர்கள் கொந்தளித்த பிறகுதான் இறங்கிவந்தார்கள். உங்களை நம்பி வேலை செய்ய வருபவரிடம் இந்த ஆபத்தை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

நல்ல கம்ப்யூட்டர் இல்லாத பையன்கள்தான் உங்கள் பக்கம் அதிகம் என்றால் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா பாருங்கள். விளையாடப் போன் போதும், பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கும் ஸ்கின் வேலையையும் போனிலேயே செய்யலாம். கேரள பஸ், தமிழ்நாட்டு பஸ் என்று அதில் கலக்குகிற பையன்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த நல்ல டெக்ஸ்சர் (மாடலின் மேல் ஒட்டும் படம்) ஆட்கள் பாதிப்பேர் அந்த ஸ்கின் வேலையில் பழகி வந்தவர்கள்தான்.

குலசேகரம்: வருபவருக்கு வேலை தெரியுமா என்று எப்படிச் சோதிப்பது? 'எல்லாம் தெரியும்' என்கிறார்கள்.

இன்டர்வியூ வேண்டாம். சின்ன வேலை ஒன்று கொடுங்கள்.

உங்கள் பக்கத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தையே எடுத்துக்கொள்வோம். 1966-இல் கட்டியது, 115 அடி உயரம், 28 தூண்கள். நாங்கள் கொடுக்கும் சோதனை: ஒரே ஒரு தூண் செய்து தாருங்கள், ஒரு வாரம். பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் ஆளைப் பற்றி எல்லாம் சொல்லிவிடும். சிலர் 28 தூணையும் தனித்தனியாகச் செய்யத் தொடங்கி மூன்றாவதில் சலித்துப்போவார்கள். சிலர் அழகான தூண் ஒன்று செய்து அனுப்புவார்கள், அதில் லட்சம் முக்கோணம் இருக்கும் (3D மாடல் முக்கோணங்களால் ஆனது, கூடக்கூடக் கம்ப்யூட்டருக்குச் சுமை). அப்படி 28 தூண் நிறுத்தினால் நம்ம பையன்களின் லேப்டாப் அங்கேயே படுத்துவிடும். வேலை தெரிந்தவர் முதலில் கேள்வி கேட்பார்: 'ஓரத்துத் தூண்கள் மலைச்சரிவில் நிற்பதால் உயரம் குறையுமே, நீளத்தை மாற்றுகிற மாதிரி துண்டு துண்டாகச் செய்யவா?' அவரை உடனே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அழகில்லாத தூணைச் சொன்ன நாளில் அனுப்பியவரையும் சேர்த்துக்கொள்வேன். அழகைச் சொல்லிக்கொடுக்கலாம். அழகாகச் செய்து மூன்று வாரம் போனே எடுக்காதவரிடம் நான் கெஞ்சுவதில்லை.

ஒரு விஷயம். சோதனைக்காகச் செய்த தூணை மோடில் பயன்படுத்தினால், ஆளைச் சேர்க்காவிட்டாலும் அவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும்.

தக்கலை: எனக்கு கோடிங்கும் தெரியாது, பிளெண்டரும் தெரியாது. டீமில் சேர்ந்து என்ன செய்ய முடியும் அண்ணா?

எங்களுக்கு எப்போதும் பஞ்சமாக இருப்பது உங்களைப் போன்றவர்கள்தான் தங்கச்சி. மாடல் செய்பவர் சென்னையிலோ வெளிநாட்டிலோ உட்கார்ந்திருப்பார். தக்கலைப் பக்கத்து ஓட்டுக்கூரை எப்படிச் சரியும், மதில் சுவரில் பாசி எந்த உயரம்வரை ஏறியிருக்கும் என்று அவருக்கு யார் சொல்வது? மழை நின்ற மறுநாள், வெயில் ஏறுவதற்கு முன்னால், சுவருக்கு நேராக நின்று போட்டோ எடுத்துத் தாருங்கள். சாய்வாக எடுத்தால் டெக்ஸ்சருக்கு உதவாது. நிழல் விழுந்தாலும் உதவாது.

பெயர்ப்பலகை பிழை பார்ப்பது இன்னொரு வேலை. பழைய ஃபோட்டோஷாப்பில் இந்திய மொழிக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் 'நாகர்கோவில்' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் இடம் மாறி நிற்கும். தமிழ் தெரியாத மாடலர் அதை அப்படியே பலகையில் ஒட்டிவிடுவார். அப்புறம் வடசேரி பஸ் ஸ்டாண்டின் இரைச்சல், குளச்சல் துறைமுகத்தில் விசைப்படகு கிளம்பும் சத்தம் என்று பதிவு செய்ய எவ்வளவோ இருக்கிறது. சோதித்து ஓட்டிப் பார்க்கவும் ஆள் வேண்டும்.

பத்மநாபபுரம் அரண்மனையைப் படமெடுக்கப் போகிறீர்கள் என்றால், அது நம் மாவட்டத்தில் இருந்தாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். கேமராவுக்கான விதியை அங்கே கேட்டுக்கொண்டு எடுங்கள்.

குளச்சல், ஒரு தாயார்: என் மகன் பதினொன்றாம் வகுப்பு. ஏதோ கேம் டீமில் சேர்ந்திருக்கிறான், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் யாரோடோ பேசுகிறான். விடலாமா?

வேலை நல்லதுதான் அம்மா. ராத்திரி பன்னிரண்டு மணி நல்லதில்லை. டீமை நடத்துபவர் யார், எந்த ஊர், என்ன வயது என்று மகனிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். நல்ல டீம் என்றால் நீங்கள் பேச வேண்டும் என்றதும் தலைவரே பேசுவார். பணம் கேட்டாலோ, வீட்டு முகவரி, ஆதார் கேட்டாலோ அன்றோடு முடித்துவிடுங்கள்.

டீம் நடத்தும் தம்பிகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பதினெட்டு நிறையாதவர் போடும் ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. அப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்தால் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தனி அரட்டை கூடாது, எல்லாம் பொதுச் சேனலில் நடக்க வேண்டும். மார்ச் மாதம் அவர்களுக்கு எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

கருங்கல்: மோடை விற்கலாமா? வந்த பணத்தைப் பிரித்துக் கொடுத்தால் ஆள் நிலைப்பார்களே?

எந்த ஆட்டமோ அதன் உரிம விதியை முதலில் படியுங்கள். மைன்கிராஃப்டில், நீங்களே சொந்தமாக எழுதிய மோட் உங்களுடையது, ஆனால் அதை விற்கக்கூடாது. பெரும்பாலான ஆட்டங்களில் நிலைமை ஏறக்குறைய இதுதான். 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் மோடுகளை ஸ்டீம் என்ற ஆன்லைன் ஆட்டக் கடையில் விற்கலாம் என்று கம்பெனியே அனுமதித்தது. மோட் செய்தவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு 25. எழுந்த எதிர்ப்பில் சில நாளிலேயே சுருட்டிக்கொண்டார்கள்.

விதி அனுமதித்தாலும் சின்ன டீமுக்குள் பணத்தைக் கொண்டுவராதீர்கள் என்பேன். தூண் செய்தவருக்கு எவ்வளவு, போட்டோ எடுத்தவருக்கு எவ்வளவு? அந்தக் கணக்கைத் தீர்க்க உங்களால் முடியாது. சர்வர் செலவுக்கு நன்கொடை வாங்குவதாக இருந்தால் வரவு செலவை எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள்.

வேர்க்கிளம்பி: சண்டை போட்டுக்கொண்டு போன மாடலர் 'என் மாடலை எல்லாம் எடுத்துவிடு' என்கிறார். எடுத்தே ஆக வேண்டுமா?

எழுதி வாங்கியிருக்கிறீர்களா? இல்லை என்றால் அவர் பக்கம்தான் பலம். சம்பளத்துக்கு வேலை செய்பவர் உருவாக்கியது பொதுவாக முதலாளிக்குச் சேரும். தன்னார்வலர் உங்கள் ஊழியர் இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமை (காபிரைட்) சட்டப்படி அவர் செய்தது அவருக்கே சொந்தம். பயன்படுத்தும் உரிமையை எழுத்தில்தான் வாங்க முடியும். அதிலும் எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இணையத்தில் உலகம் முழுக்கப் போகிற மோடுக்கு இது போதாது.

ஆகவே சேரும்போதே நாலு வரி: 'நான் செய்து கொடுப்பது எனக்கே சொந்தம். இந்த மோடில், உலகெங்கும், காலவரையின்றி, இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கிறேன். நான் விலகினாலும் இது நீடிக்கும். என் பெயர் இருக்க வேண்டும்.' உரிமையை முழுசாக எழுதிக் கேட்காதீர்கள். சும்மா வேலை செய்ய வருபவரிடம் அது பேராசை, நல்ல ஆட்கள் அந்த வரியைப் பார்த்ததும் போய்விடுவார்கள்.

இப்போது உங்களுக்கு: போன் போட்டுச் சமாதானமாகப் பேசுங்கள். முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

இரணியல்: வேறொரு ஆட்டத்திலிருந்து பஸ் மாடலை உருவி எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். சேர்க்கலாமா?

கூடாது. ஒரே ஒரு திருட்டு மாடலுக்காக மொத்த மோடும் தூக்கப்படும். மற்றவர்கள் உழைப்பும் அதோடு போய்விடும்.

தோவாளை: வாட்ஸ்அப் போதுமா, டிஸ்கார்ட் வேண்டுமா?

அரட்டைக்கு வாட்ஸ்அப். வேலைக்கு டிஸ்கார்ட் என்ற குழு அரட்டை ஆப், அதில் சாலை, மாடல், சத்தம் என்று தனித்தனிச் சேனல். ஃபைலை மட்டும் இரண்டிலும் அனுப்பாதீர்கள். 'கடைசி', 'புதுக் கடைசி', 'உண்மையான கடைசி' என்று மூன்று ஃபைல் வந்து நிற்கும். பொதுவான ஒரு டிரைவ், அதைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒருவர்.

நாகர்கோவில்: இதில் சேர்ந்தால் கேம் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று சொல்லி ஆளெடுக்கலாமா?

சொல்லாதீர்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக் 1999-இல் ஹாஃப்-லைஃப் ஆட்டத்தின் மோடாகத் தொடங்கியது, மறு ஆண்டே ஹாஃப்-லைஃபைச் செய்த வால்வ் கம்பெனி வாங்கிக்கொண்டது, உண்மை. ஹாஃப்-லைஃபையே ரசிகர்கள் புதிதாகச் செய்த பிளாக் மெசா 2012-இல் இலவச மோடாக வந்து, பிறகு வால்வின் அனுமதியோடு விற்பனைக்கே போனது, அதுவும் உண்மை. அப்படி ஆனவை மிகக் கொஞ்சம். 'நீ செய்ததை உன் போர்ட்ஃபோலியோவில் தாராளமாகக் காட்டலாம், எந்தப் பகுதி உன்னுடையது என்று நான் எழுதித் தருகிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள். அதை நிறைவேற்ற உங்களால் முடியும்.

ஆரல்வாய்மொழி: ஆட்டத்துக்கு அப்டேட் வந்து மோட் உடைந்துவிட்டது. டீமில் பாதிப்பேர் காணாமல் போய்விட்டார்கள்.

பெரிய டீமுக்கும் இது நடக்கும். ஃபால்அவுட் 4-க்கான 'ஃபால்அவுட்: லண்டன்' என்ற பெரிய மோட் 2024 ஏப்ரல் 23 அன்று வருவதாக இருந்தது. இரண்டே நாள் தள்ளி ஆட்டத்துக்குப் பெரிய அப்டேட் என்று பெதஸ்டா அறிவித்தது. டீம் வெளியீட்டைத் தள்ளிப்போட்டு ஜூலையில்தான் விட்டது.

அவர்கள் கலையவில்லை. நீங்களும் செய்யக்கூடியது: எந்தப் பதிப்பில் வேலை நடக்கிறது என்று முடிவு செய்து, அப்டேட் வந்தாலும் எல்லாரும் அந்தப் பதிப்பிலேயே இருங்கள். ஸ்டீமில் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் வசதியை எங்கள் ஆட்டம் தருகிறது. உடைந்ததைச் சரிசெய்ய இரண்டு பேர் போதும், மற்றவர்கள் மாடல், போட்டோ வேலையைத் தொடரட்டும். போனவர்களுக்கு ஒருமுறை மட்டும் செய்தி அனுப்புங்கள், சரியான பிறகு, புது வீடியோவோடு. திட்டி எதுவும் எழுத வேண்டாம். சில பேர் திரும்பி வருவார்கள்.

கொல்லங்கோடு: உங்கள் டீமில் இப்போது இடம் இருக்கிறதா?

இருக்கிறது. முப்பந்தல் காற்றாலைகள் மேப்பில் அசையாமல் நிற்கின்றன, இறக்கையைச் சுழலவைக்க அனிமேஷன் தெரிந்த ஒருவர் வேண்டும். இரண்டு வார வேலை. கன்னியாகுமரி விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே உள்ள 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்துக்குக் கரையிலிருந்து எடுத்த போட்டோ வேண்டும். பாலம் திறந்தது 2024 டிசம்பரில், எங்களிடம் இருக்கும் படங்கள் எல்லாம் அதற்கு முந்தையவை. கொல்லங்கோடு என்பதால் கேட்கிறேன், எல்லைப் பக்கம் தமிழும் மலையாளமும் சேர்ந்து எழுதிய கடைப் பலகைகளை நேராக நின்று படமெடுத்துத் தருவீர்களா?