காசினியை அன்றாடம் ஓட்டியது எப்படி? கேள்வி பதில்

2004 ஜூலையிலிருந்து 2017 செப்டம்பர் வரை சனிக்கோளைச் சுற்றிவந்த காசினி விண்கலத்தின் அன்றாட வேலை மட்டும்தான் இன்றைய பொருள். ராக்கெட் எப்படிக் கிளம்பியது, வேற்றுக்கிரகவாசி உண்டா, சனி யாரைப் பிடிக்கும் என்பதற்கெல்லாம் நான் ஆள் இல்லை.

கவின்: அண்ணா, விண்கலத்தை ஓட்டுகிறவர் முன்னால் ஸ்டீயரிங் மாதிரி ஏதாவது இருக்குமா?

இருக்காது தம்பி. சனியிலிருந்து சிக்னல் வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சூரியனுக்கு அந்தப் பக்கம் சனி போய்விட்டால் ஒன்றரை மணி. திரையில் எதையோ பார்த்துப் பதறிப்போய் நீங்கள் கட்டளை அனுப்பினால், அது போய்ச் சேரும்போது சம்பவம் நடந்து இரண்டு மூன்று மணி நேரம் கழிந்திருக்கும். ஆகவே எல்லாமே முன்கூட்டி எழுதி வைப்பதுதான். கட்டளைத் தொகுப்பு ஒன்றை எழுதி, சோதித்து, மேலே ஏற்றிவிடுவார்கள். ஆரம்ப வருடங்களில் ஒரு தொகுப்பு ஐந்து வாரம் போல ஓடியது, பிற்காலத்தில் பத்து வாரம். எந்த நொடியில் எந்தப் பக்கம் திரும்புவது, எந்தக் கருவி எவ்வளவு பதிவுசெய்வது, எப்போது பூமியைப் பார்ப்பது எல்லாம் அதில் இருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே அடுத்தடுத்த தொகுப்புகள் தயாராகும். ‘நேரலை’ என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். அது இருக்கும்வரை மற்ற எதுவும் புரியாது.

செல்வி: விசேஷம் எதுவும் இல்லாத ஒரு நாள் எப்படிப் போகும்?

நல்ல கேள்வி. ஏறக்குறைய பதினைந்து மணி நேரம் பார்ப்பது, ஒன்பது மணி நேரம் பேசுவது.

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும் என்றால், காசினியில் கேமராக்களைச் சுமந்துகொண்டு தனியாகத் திரும்பக்கூடிய மேடை கிடையாது. 4 மீட்டர் ஆன்டெனாவும் கேமராக்களும் உடம்போடு சேர்த்து முடுக்கப்பட்டவை. ஆன்டெனா ஒரு பக்கம் பார்க்கும், கேமரா அதற்குச் செங்குத்தாக வேறு பக்கம் பார்க்கும். படம் எடுக்கும்போது பூமியோடு பேச முடியாது, பேசும்போது படம் எடுக்க முடியாது. எடுத்ததெல்லாம் இரண்டு ரெக்கார்டர்களில் போய் உட்காரும். ஒவ்வொன்றும் 2 ஜிகாபிட். பிறகு முழுக் கலமும் மெல்லத் திரும்பி பூமியை நோக்கும். நாசாவின் தரை நிலையங்களான கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பரா மூன்றில் எது அப்போது சனியைப் பார்க்கிறதோ அந்த நிலையம் வாங்கிக்கொள்ளும். அனுப்பும் திறன் சுமார் 20 வாட். கீழே 70 மீட்டர் ஆன்டெனா கிடைத்தால் அன்றைக்கு 4 ஜிகாபிட் வரை இறக்கலாம். 34 மீட்டர்தான் கிடைத்தது என்றால் 1 ஜிகாபிட்டோடு திருப்திப்பட வேண்டும்.

பேசும் நேரமும் வீணாகாது. ஆன்டெனாவைப் பூமி மேலேயே வைத்துக்கொண்டு, அந்த அச்சில் கலத்தை மெதுவாக உருட்டுவார்கள். கேமரா சும்மா இருந்தாலும், துகள்களை அளக்கும் கருவிகளுக்கு எல்லாத் திசையும் கிடைத்துவிடும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

கருவிகள் மொத்தம் பன்னிரண்டு. பார்க்கும் நேரத்தில் யாருக்கு எவ்வளவு என்பதுதான் மாதக்கணக்கில் நடக்கும் பஞ்சாயத்து. சனியின் பெரிய நிலவான டைட்டனை நெருங்கும் அந்த ஒரு மணி நேரம் ரேடாருக்கா, அகச்சிவப்புக் கருவிக்கா? ரேடாருக்குக் கொடுத்தால் பெரிய ஆன்டெனா டைட்டனைப் பார்க்கும், கேமரா வேறெங்கோ பார்க்கும். ஒருவருக்குக் கிடைத்தால் இன்னொருவருக்கு இல்லை.

மணி: சார், ஜாய்ஸ்டிக் வைத்து நேரலையில் ஓட்டுவார்களா?

கவினுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நிலா: பதின்மூன்று வருடத்துக்கு எரிபொருள் எப்படிக் காணும்?

பாதையை மாற்றியது பெரும்பாலும் எரிபொருள் இல்லை, டைட்டன். 127 முறை திட்டமிட்டு அதன் அருகே போனார்கள். ஒரே ஒரு நெருக்கத்தில் விநாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் அளவுக்கு வேகம் மாறும். சுற்றுப்பாதையைச் சாய்க்க, நீட்ட, சுருக்க எல்லாம் அதன் ஈர்ப்புதான். கலத்தின் சொந்த உந்துபொறி செய்தது திருத்தம் மட்டும். வழக்கமாக ஒரு டைட்டன் சந்திப்புக்கு மூன்று: போவதற்குச் சில நாள் முன்னால் குறி பார்க்க ஒன்று, போய்வந்த சில நாளில் பிழையைச் சரிசெய்ய ஒன்று, சுற்றின் தொலைகோடியில் ஒன்று. குறி ஏற்கெனவே சரியாக இருந்தால் அந்தத் திருத்தத்தையே ரத்துசெய்துவிடுவார்கள், அதுவும் அடிக்கடி நடந்தது. ரொம்பத் தாழ்வாகப் போனால் வேறு தொல்லை. 2010 ஜூனில் 880 கிலோமீட்டர் உயரத்தில் போனபோது டைட்டனின் காற்று கலத்தைத் தள்ளியது. அந்த மாதிரி நேரத்தில் கலத்தைத் திருப்பும் சுழல்சக்கரங்களுக்குத் தாங்காது, த்ரஸ்டர் என்ற சிறு உந்துபொறிதான் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும்.

அதியன்: மேடை இல்லை என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். 1992-ல் செலவைக் குறைக்க அதை வெட்டினார்கள் என்பதுதான் உண்மை. மேடை இருந்திருந்தால் படம் எடுத்துக்கொண்டே பேசியிருக்கலாம். பாதி அறிவியல் போச்சு.

பெருமை எங்கே வந்தது? செலவுக்காக வெட்டினார்கள், மறுக்கவில்லை. ஆனால் மேடை என்றால் சும்மா வருமா? வாயேஜர் 2 விண்கலத்தில் மேடை இருந்தது. 1981 ஆகஸ்டில் இதே சனியைத் தாண்டிய கையோடு அது ஒரு அச்சில் சிக்கிக்கொண்டது. எடுக்க வேண்டிய படங்கள் போயின. யுரேனஸுக்கு அதை மெதுவாகத்தான் திருப்பினார்கள். மங்கிய வெளிச்சத்தில் படம் கலங்காமல் இருக்க 1986-ல் முழுக் கலத்தையும் சேர்த்துத் திருப்பினார்கள். மேடை உள்ள கலமே உடம்பைத் திருப்ப வேண்டிவந்தது, ஐயா.

அதியன்: அசையும் பாகம் கெடும் என்றால் உங்கள் சுழல்சக்கரம் மட்டும் என்ன? 2003-ல், சனிக்குப் போவதற்கு முன்னாலேயே ஒன்று மக்கர் செய்ததே.

செய்தது. நான்காவதாக ஒரு உதிரிச் சக்கரம் இருந்தது, அதற்கு மாறினார்கள். மேடைக்கு உதிரி எங்கே வைப்பீர்கள்?

மாலதி: உதிரியைப் போட்ட பிறகு உதிரிக்கு உதிரி இல்லையே! இதில் அதியன் சொல்வதுதான் சரி. மேடை இருந்தால் கலம் குறைவாகத் திரும்பும், சக்கரமும் குறைவாகத் தேயும்.

மாலதி, இது வாதம். இதற்குப் பதில் சொல்லலாம். சக்கரத்தைக் கெடுப்பது திரும்புவது மட்டும் இல்லை, எந்த வேகத்தில் சுற்றுகிறது என்பதும்தான். நிமிடத்துக்கு 300 சுற்றுக்குக் கீழே பேரிங்கில் எண்ணெய்ப் படலம் ஒழுங்காக நிற்காது, உலோகம் உலோகத்தை உரசும். அதனால் ஒவ்வொரு தொகுப்பு எழுதும்போதும், வரப்போகும் எல்லாத் திருப்பங்களையும் கணக்கில் போட்டு, சக்கரங்கள் எந்த வேகத்தில் தொடங்கினால் அந்த மெதுவான பகுதியில் குறைந்த நேரம் கிடக்கும் என்று ஒரு மென்பொருள் கண்டுபிடிக்கும். அந்த வேகத்தை ஏற்றி வைக்க த்ரஸ்டரைச் சுட வேண்டும், அதன் எரிபொருளான ஹைட்ரசீன் செலவாகும். பேரிங்கா ஹைட்ரசீனா என்ற பேரம் கடைசிவரை நடந்தது. மற்ற சக்கரங்கள் கடைசிவரை ஓடவும் செய்தன. மேடை போட்டிருந்தால் பேரம் எளிதாக இருந்திருக்கும் என்பது சரி. சிக்கினால் என்ன செய்வீர்கள் என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அதியன்: சிக்காத மேடை செய்யத் தெரியாதா அவர்களுக்கு?

வியாழனுக்குப் போன கலிலியோ விண்கலத்தின் பெரிய ஆன்டெனா விரியாமல் போனதும் இதே காலத்தில்தான், 1991. இந்தப் பேச்சு இத்தோடு போதும்.

ரம்யா: சேஃப் மோட் என்றால் கலம் செயலிழந்துவிடுமா?

இல்லை. கணினிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால் ஓடும் தொகுப்பை நிறுத்தி, அவசியமில்லாத கருவிகளை அணைத்து, உதவிக்குக் காத்திருக்கும். 2010 நவம்பர் 2-ல் ஒரு கட்டளைக் கணினியில் ஒரே ஒரு பிட் புரண்டு அப்படி ஆனது. கலத்துக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கருவிகளைத் திரும்ப முழுமையாக ஓட்ட நவம்பர் 24 ஆகிவிட்டது. 11-ஆம் தேதி வந்த டைட்டன் சந்திப்பு கருவிகளைப் பொறுத்தவரை போனதுதான். டைட்டன் காத்திருக்காது.

பூபதி: படங்களின் நிறம் உண்மையா?

கேமரா கறுப்பு வெள்ளை, 1024-க்கு 1024. நிற வடிகட்டி மாற்றி மாற்றி எடுத்துக் கீழே சேர்ப்பார்கள். சில உண்மை நிறம், சில வேண்டுமென்றே மாற்றியது. படத்துக்குக் கீழே எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் பகிராதீர்கள்.

ஜெனி: வளையத்துக்கும் சனிக்கும் நடுவே போனபோது தூசி அடிக்காதா?

அந்தப் பயத்தில்தான் 2017 ஏப்ரல் 26-ல் முதல் முறை போனபோது பெரிய ஆன்டெனாவையே முன்னால் கேடயமாகத் திருப்பி வைத்தார்கள். அந்த நேரம் முழுக்கப் பூமியோடு தொடர்பு கிடையாது. பார்த்தால் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த தூசி. அப்படி நடுவே போன இருபத்திரண்டு சுற்றில் மீதியில் பெரும்பாலானவற்றுக்குக் கேடயம் தேவைப்படவில்லை, அந்த நேரமும் கருவிகளுக்கே போனது.

சேரன்: அண்ணா, காசினி எடுக்கும் நேரலைப் படம் எங்கே பார்க்கலாம்?

காசினி 2017 செப்டம்பர் 15-ல் சனிக்குள் விழுந்துவிட்டது. இருந்தபோதும் நேரலை கிடையாது, மூன்றாம் முறையாகச் சொல்கிறேன். பழைய மூலப்படங்கள் நாசாவின் தளத்தில் இருக்கின்றன, இலவசம்.

மணி: அப்படியென்றால் வியாழனுக்குப் போன ஜூனோவை ஜாய்ஸ்டிக்கில்…

அடுத்தவர் கேளுங்கள்.

தேன்மொழி: அளவீட்டுத் தரவு எல்லாம் வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

கோள் தரவுக் களஞ்சியம் என்று நாசா வைத்திருக்கிறது, அங்கே போங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் இறக்கப் பார்க்காதீர்கள், மொத்தம் 600 ஜிகாபைட்டுக்கு மேல். ஒரு டைட்டன் சந்திப்பைத் தேர்ந்தெடுங்கள். அந்த நாளின் நேர அட்டவணையை முதலில் படியுங்கள், எந்தக் கருவிக்கு எந்த மணி கிடைத்தது என்று தெரியும். பிறகு அந்தக் கருவியின் கோப்பை மட்டும் எடுங்கள்.