அமர்ந்த தண்ணீர்கள்

கேள்வி: ‘நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்’ (சங்கீதம் 46:10). இந்த வசனத்தை மனதில் வைத்துத் தினமும் காலையில் அரை மணி நேரம் கண்மூடித் தரையில் அமர்கிறேன். உள்ளம் விழிப்படைய வேதம் காட்டும் வழி இதுதானே? மூட்டு வலியால் அதிக நேரம் அமர முடியவில்லை.
— வாசகி, தூத்துக்குடி

பதில்: முதலில் காலை நீட்டிக்கொள்ளுங்கள், அம்மா. நாற்காலியில் இருந்தாலும் படுத்திருந்தாலும் குறையில்லை. இருபத்துமூன்றாம் சங்கீதம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்குமே, ‘அமர்ந்த தண்ணீர்கள் அண்டையில்’ என்று. தண்ணீருக்கு உட்காரக் கால் ஏது? அலையடங்கிக் கிடக்கிறது. நீங்கள் கேட்ட வசனத்தின் அமர்தலும் அதுதான்.

எபிரேயத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் ‘ஹர்பூ’. தளரவிடுங்கள், பிடியை விடுங்கள் என்று பலரைப் பார்த்துச் சொல்லும் ஏவல். முந்தின வசனத்தில் வில் ஒடிகிறது, ஈட்டி முறிகிறது, இரதங்கள் எரிகின்றன. அந்தப் புகைக்கு நடுவிலிருந்து வரும் குரல் இது. வாக்குத்தத்த அட்டை அச்சிடுகிறவர்களோடு எனக்குள்ள பழைய வழக்கே இதுதான். புத்தாண்டுதோறும் பத்தாம் வசனத்தை மட்டும் கத்தரித்து, ஏரிக்கரைப் படத்தின்மேல் ஒட்டிக் கொடுக்கிறார்கள். எரிந்த தேர்களைக் காணாமல் அந்த அமைதியின் விலை எப்படித் தெரியும்? தமிழில் ‘அமர்’ என்றால் போரும்கூட. வள்ளுவர் ‘அமரகத்து’ (814) என்பது போர்க்களத்தைத்தான். போரும் அடக்கமும் ஒரே சொல்லில் குடியிருக்கும் மொழியில் இந்தச் சங்கீதத்தைப் படிக்க நாம் கொடுத்துவைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாத்திராகமம் 5-இல், செங்கல் வேலையில் வதைபடும் இஸ்ரவேலரைப் பார்த்து ‘நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள்’ என்று எகிப்து மன்னன் பார்வோன் சீறுகிறான். எபிரேய மூலத்தில் அந்தச் சோம்பலுக்கும் ‘ஹர்பூ’வின் வேர்ச்சொல்தான். அவன் குற்றம் என்றதைச் சங்கீதம் கட்டளையாக்குகிறது. நீங்கள் அரை மணி நேரம் சும்மா இருப்பதை வீட்டில் யாராவது சோம்பல் என்றால், அது பார்வோனின் பேச்சு என்று சொல்லுங்கள்.

ஆம், வழி இதுதான். ஆனால் கண்ணை மூடுமுன் கையைப் பாருங்கள். என் தாயார் வீட்டுச் சாவிக்கொத்தை இறுகப் பிடித்தபடியே ஜெபிப்பார். அப்பா இறந்த பிறகு ஒரு நாள் மாலை, அதை மேசைமேல் வைத்துவிட்டு முழங்காலிட்டார். விரித்த உள்ளங்கையில் சாவியின் பற்கள் பதிந்த தடம் சிவந்திருந்தது. ஜெபம் முடிந்து எழுந்தபோது அது மறைந்திருந்தது.