போர்ச்சுகலின் டோரு மலைப்பகுதிக்கு அரசே எல்லை போட்டு ஒயின் பிரதேசமாக அறிவித்தது ஏன்?

கலப்படம்தான் முதல் காரணம். 18-ஆம் நூற்றாண்டில் டோரு பள்ளத்தாக்கின் போர்ட் ஒயினுக்கு (பிராந்தி சேர்த்துச் செய்யும், இனிப்பும் காட்டமுமான ஒயின்) இங்கிலாந்தில் பெரிய கிராக்கி. வேறு ஊர் மதுவைக் கலப்பது, நிறத்துக்காக எல்டர்பெர்ரி என்கிற கருநிறப் பழத்தின் சாறு ஊற்றுவது என்று பேர் கெட்டு, விலையும் சரிந்தது. 1756-இல் போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் இதற்கென ஒரு கம்பெனியை நிறுவி, எந்த நிலத்தில் விளைந்தது போர்ட் ஆகும் என்று எல்லை வகுக்க வைத்தார். எல்லையில் கருங்கல் தூண்களே நட்டார்கள். சில இன்றும் நிற்கின்றன.

சரி, அந்த மலையில் அப்படி என்ன இருக்கிறது? மேற்கே மராவ் மலை அட்லாண்டிக் ஈரக்காற்றைத் தடுத்துவிடும். கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும். மண் என்று சொல்ல அதிகம் இல்லை. பெரும்பாலும் ஷிஸ்ட் என்கிற அடுக்குப்பாறை. அது செங்குத்தாகப் பிளவுபடுவதால், கொடியின் வேர் இடுக்கு வழியே பல மீட்டர் இறங்கித் தண்ணீர் தேடிக்கொள்ளும். அந்தப் பாறையை உடைத்துத்தான் சரிவெங்கும் படிப்படியாகக் கல்சுவர் கட்டினார்கள். 2001-இல் யுனெஸ்கோ தந்த உலக மரபு அங்கீகாரத்தைவிட, கையால் அடுக்கிய அந்தச் சுவர்கள்தான் எனக்குப் பெரிது.

அப்புறம், எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதாது. உயரம், சரிவு, மண், கொடியின் வயது பார்த்து ஒவ்வொரு தோட்டத்துக்கும் தரம் போடுகிறார்கள். எவ்வளவு சாற்றைப் போர்ட் ஆக்கலாம் என்ற ஆண்டு அனுமதி அதைப் பொறுத்தது.